சக்கரத்தை விட்டுவிட்டுப் போன திருடன்

வண்டியைத் திருடுகிறவன் சக்கரங்களைக் கழற்றி வைத்துவிட்டா போவான்? இருபத்தொரு வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். பர்ஸை அடித்துவிட்டுச் சில்லறையைத் திருப்பிக் கொடுத்த திருடனைக்கூடப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு மடையனைப் பார்த்ததில்லை.

"மடையன் இல்ல கண்டக்டர்," என்றாள் அக்கா. "சும்மா இரு. யோசிக்க விடு."

அக்கா எனக்கு மட்டும் அக்கா இல்லை, ஊருக்கே அக்கா. துப்பறிய வருவதற்கு முன்னால் பரீட்சை ஹாலில் மேற்பார்வை பார்த்தவள். முப்பது வருடம் பிட் அடிக்கிறவர்களைப் பிடித்த கண் அது. அந்தக் கண் இப்போது பட்டறையின் பின்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. சுவரில் இரண்டு பெரிய சக்கரங்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. கம்பி இல்லாமல் தட்டு மாதிரி மூடிய பந்தயச் சக்கரங்கள்.

மணி பதினொன்றரை. பந்தயம் நாலு மணிக்கு.

பட்டறைக்காரர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். விளையாட்டு வீரர்களுக்குச் சக்கர நாற்காலி செய்கிறவர். கூடைப்பந்துக்கு ஒரு வகை, டென்னிஸுக்கு ஒரு வகை, ஓட்டப் பந்தயத்துக்கு நீள மூக்கோடு மூன்று சக்கரத்தில் ஒரு வகை. காணாமல் போனது மூன்றாவது வகை. அவருடைய சொந்த மகளுக்காக நாலு மாதம் உட்கார்ந்து செய்தது.

"ஒன்பது மணிக்கு மேடம், கையுறைக்குப் பசை வாங்கப் போனேன். அரை மணி நேரம்கூட இல்ல. திரும்பி வந்தா சக்கரம் மட்டும் இருக்கு. வண்டியோட உடம்பைக் காணோம்."

"சக்கரம்தான் மிச்சம் இருக்கே. வேற உடம்புல மாட்டிட வேண்டியதுதானே?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதி செத்துவிட்டேன்.

"சக்கரம் இங்க பத்து ஜோடி கிடக்கு சார். எதை வேணா எதுல வேணா மாட்டலாம். அந்த உடம்பு என் பொண்ணு அளவுக்கு அடிச்சது. மண்டி போட்டு உள்ள இறங்கினா ஒரு விரல்கூட நுழையாது. வேற யாரும் அதுல உட்காரவும் முடியாது, அவ வேற எதுலயும் ஓடவும் முடியாது." புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னைக்கு முதல்ல வர்ற ஒருத்திக்குத்தான் டீம்ல இடம். அவ அம்மா போய் எட்டு மாசம் ஆச்சு. இந்த ஒரு நாளுக்காகத்தான் அவ தினம் எழுந்திரிக்கறா. இதுவும் இல்லன்னா என் பொண்ணு எனக்கு மிஞ்ச மாட்டா மேடம். காலை வேணா பிடிக்கிறேன்."

உண்மையிலேயே பிடிக்க வந்தார். அக்கா இரண்டடி பின்வாங்கினாள்.

"எத்தனை மணிக்குள்ள வேணும்?"

"மூணுக்குள்ள. சக்கரத்தை மாட்டி நேர் பார்க்கவே முக்கால் மணி நேரம் ஆகும். நூல் அளவு கோணினாலும் வண்டி இழுக்கும்."

அப்போது உள்வாசலில் மகள் வந்து நின்றாள். நின்றாள் என்றால் அவளுடைய வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடிதான். வயது இருபத்தாறு. பிறவியிலேயே இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கைகளைப் பார்த்தால் எனக்கே பயமாக இருந்தது, அப்படி ஒரு கை. அவளையும் ஊரே 'பாப்பா' என்றுதான் கூப்பிடுகிறது.

பட்டறைக்குள் அடுப்பு மாதிரி வெக்கை. பாப்பா கழுத்து வரை கம்பளிச் சால்வை போர்த்தியிருந்தாள். இடது முழங்கையை நாற்காலிக் கையில் ஊன்றி, மொத்த உடம்பையும் இடது பக்கம் சாய்த்திருந்தாள். கடைசி சீட்டில் தூங்கி வழிகிற பயணி மாதிரி.

"என்ன பாப்பா, வெளியில பனி கொட்டுதா?" என்றேன்.

"டென்ஷன்ல குளிருது. அதைக் கண்டுபிடிக்கவா உங்களைக் கூப்பிட்டோம்? வண்டி எங்கன்னு கண்டுபிடிங்க. அப்பா அழுதது போதும்."

கன்னம் இரண்டும் செக்கச்செவேல் என்றிருந்தன. கோபம் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அது பிறகு.

அக்கா பட்டறையை ஒரு சுற்று வந்தாள். எல்லாமே இடுப்பு உயரத்தில் இருந்தன. சுவிட்ச், குழாய், கருவி மாட்டும் ஆணிகள், எல்லாமே உட்கார்ந்தபடி எட்டுகிற உயரம். ஆணிகளில் அளவு நாடா, ஸ்பானர், வெல்டிங் முகமூடி. ஒரே ஒரு ஆணி மட்டும் காலி. அதன் கீழே சுவரில் வட்டமாக ஒரு வெளுத்த தடம்.

"இதுல என்ன தொங்கிச்சு?"

"அதுவா, என் மனைவியோட கைக்கண்ணாடி. இங்கதான் எங்கயாவது இருக்கும் மேடம். அதை விடுங்க, வண்டியைப் பாருங்க!"

அக்கா விட்டுவிட்டாள். விட்ட மாதிரி இருந்தாள். பின்கதவுக்குப் போனாள். வெளிப்பக்கம் இரண்டு தாழ்ப்பாள், மேலே மார்பு உயரத்தில் ஒன்று, கீழே முழங்கால் உயரத்தில் ஒன்று.

"நீங்க எதைப் போடுவீங்க?"

"மேலதைத்தான். கீழதுக்குக் குனியணுமே."

"திரும்பி வந்தப்போ?"

அவர் யோசித்தார். "கீழது போட்டிருந்துச்சு."

இந்த இடத்தில் எனக்குப் பொறி தட்டியது. அக்காவுக்கு முன்னால் எனக்குத் தட்டுவது வருடத்துக்கு ஒரு முறைதான். விடுவேனா?

"அக்கா! குனியாம கீழ் தாழ்ப்பாள் எட்டற ஆளு. உட்கார்ந்திருக்கற ஆளு!"

"பரவாயில்லையே! அப்போ சக்கரத்தை ஏன் கழட்டணும்?"

அது தெரிந்தால் நான் ஏன் அசிஸ்டெண்டாக இருக்கிறேன்?

"நடக்கிறவனா இருந்தா சக்கரத்தோட அப்படியே உருட்டிட்டுப் போயிருப்பான். கழட்டவே வேண்டாம். காரோட வந்தவன்னா கழட்டி, அதையும் சேர்த்து ஏத்தியிருப்பான். இந்த ஆளுக்கு ரெண்டு கையும் வேணும், தன் நாற்காலியைத் தள்ள. அதனால வண்டியை மடியில வச்சுத்தான் கொண்டுபோகணும். மடியில வச்சா இந்தப் பெரிய சக்கரம் ரெண்டு பக்கமும் கையை இடிக்கும். கழட்டியாச்சு. இதையும் பாரு." சக்கரங்களின் அடியைக் காட்டினாள். தரையில் ஒரு துணி மடித்துப் போடப்பட்டு, அதன் மேல் சக்கரங்கள் நின்றன. "கீறல் விழக்கூடாதாம். எந்தத் திருடன்யா இவ்வளவு பதவிசா வைப்பான்?"

"வெள்ளி!" என்று கத்தினார் பட்டறைக்காரர். துள்ளி எழுந்துவிட்டார். "அவதான்! அவளேதான்!"

வெள்ளி என்பது பட்டப்பெயர். ஆறு வருடமாக எல்லாப் பந்தயத்திலும் பாப்பா தங்கம், இவள் வெள்ளி. பாப்பா ஓடாவிட்டால் இன்று இவளுக்குத் தங்கம். டீமில் இடம். இதற்கு மேல் துப்பறிய என்ன இருக்கிறது? சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்.

"அவ வண்டியையும் நான்தான் செஞ்சு கொடுத்தேன் மேடம். என் கையால. இந்தக் கையால!" என்று தன் கையைத் தானே அடித்துக்கொண்டார்.

பாப்பா கண்ணை மூடிக்கொண்டாள்.

*

வெள்ளிக்குப் பிழைப்பு சாவி வெட்டுவது. மூன்று தெரு தள்ளி, வணிக வளாகத்தின் மாடிப்படிக்கு அடியில் கடை. ஆனால் கடை பூட்டியிருந்தது. வீட்டுக்குப் போனோம், இல்லை. மைதானத்துக்குப் போனோம், காணோம். பயிற்சியாளர் மட்டும் இருந்தார்.

"அவளா? ரெண்டு வாரமாவே சரியில்ல. பாப்பாவுக்கு உடம்பு சரியில்ல, ஓட விடாதீங்கன்னு என்கிட்டயே வந்து நின்னா. நான் சொல்லிட்டேன், ரெண்டாவது வர்றவளுக்கு அப்படித்தான் தோணும், போய் பிராக்டீஸைப் பாருன்னு."

அக்கா நடையை நிறுத்திவிட்டாள். "உடம்புக்கு என்னன்னு சொன்னா?"

"யாரு கேட்டா?"

மணி ஒன்றே முக்கால். வெயிலில் திரும்ப ஓடினோம். பட்டறைக்காரர் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை போன் செய்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் குரல் இன்னும் கொஞ்சம் தேய்ந்திருந்தது. கடைசி போனில் பேசவே இல்லை, மூச்சு மட்டும்தான் கேட்டது.

இரண்டு பத்துக்குச் சாவிக்கடை திறந்திருந்தது. கடைக்குள் சக்கர நாற்காலியில் வெள்ளி. எதிரே கல்லாப் பலகைக்கு அடியில், போர்வை போர்த்தி நீளமாக ஏதோ. போர்வைக்கு வெளியே சின்ன முன்சக்கரம் எட்டிப் பார்த்தது.

"சாவி வெட்டத் தெரிஞ்சவ, வெறும் தாழ்ப்பாள் போட்ட கதவைப் பார்த்துத் திருடியிருக்கியே. தொழிலுக்கே அவமானம்மா," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. ஓடவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

"இன்னும் ரெண்டு மணி நேரம் சார். நாலு அடிச்சதும் நானே கொண்டுபோய்க் கொடுத்துடறேன். போலீஸைக் கூப்பிடுங்க, என்ன வேணா பண்ணுங்க. அதுவரைக்கும் தொட விட மாட்டேன்."

"ஏன், அதுக்குள்ள நீ போய் ஜெயிச்சுட்டு வரணுமா?" எனக்கு ரத்தம் கொதித்தது. "அங்க ஒரு மனுஷன் தரையில கிடந்து புரள்றாரு. உனக்கு வண்டி செஞ்சு கொடுத்த கை அது. வெக்கமா இல்ல?"

வெள்ளி சாவி வெட்டும் இயந்திரத்துக்கு அடியிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். போட்டி அலுவலகத்தின் முத்திரை. அவள் தன் பெயரை விலக்கிக்கொண்டதற்கான சீட்டு. நேரம் காலை எட்டே கால். திருடுவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால்!

"நான் ஓடினா இது திருட்டு சார். அதான் ஓடல."

ஆறு வருடம் காத்திருந்த இடத்தை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அக்கா மெல்லப் போர்வையை விலக்கினாள். வண்டியின் இருக்கையில் வலது பக்கத் தகடு. அதன் விளிம்பில் வைத்துத் தைத்த பஞ்சுறையில் கறுப்பாக ஒரு கறை.

"ரத்தம்," என்றாள் அக்கா.

"ரெண்டு வாரம் முன்னாடி பார்த்தேன். கேட்டா கிரீஸ்ங்கறா. கிரீஸ் நாறுமா அக்கா? அந்த வாடை எனக்குத் தெரியும். எனக்கும் இடுப்புக்குக் கீழ ஒண்ணும் தெரியாது. தகடு அறுத்தாலும் தெரியாது, எலும்பு வரைக்கும் புண்ணு போனாலும் வலிக்காது. என்கூட ஆஸ்டல்ல ஒரே அறையில இருந்தவ ஒருத்தி. இப்படித்தான் போட்டிக்காக மறைச்சா. காய்ச்சல் வந்துச்சு, குளிருதுன்னா. பதினோராவது நாள் பொணமா எடுத்துட்டுப் போனாங்க." அழ ஆரம்பித்தாள். "கோச்சுகிட்டச் சொன்னேன். அவ அப்பாவுக்குப் போன் பண்ணேன். 'உன் பொறாமையை வேற எங்கயாவது வச்சுக்கோ'ன்னு போனை வச்சுட்டாரு. ரெண்டாவது வர்றவ சொன்னா யாரு அக்கா நம்புவா? சக்கரத்தை எடுத்தா வேற மாட்டிடுவாங்க. இந்த உடம்புதான் ஒண்ணே ஒண்ணு இருக்கு. இது இல்லன்னா அவ ஓட முடியாது, ஆஸ்பத்திரிக்குப் போவான்னு நினைச்சேன்."

"பாப்பாவுக்குத் தெரியாம இருக்குமோ?" என்றேன். "வலிக்காதுன்னா..."

"கண்டக்டர், அவ எப்படி உட்கார்ந்திருந்தா?"

"இடது பக்கமா சாய்ஞ்சு."

"வலி தெரியறவன் சாய்வான். வலியே தெரியாதவ எதுக்குச் சாயணும்?"

அவளுக்குத் தெரியும். கண்ணால் பார்த்திருக்கிறாள். கம்பளிச் சால்வையைப் பார்த்துப் பனி கொட்டுதா என்று கேட்டேனே, பாவி! அக்கா அதற்குள் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டாள்.

*

நாங்கள் பட்டறைக்குள் நுழையும்போது இரண்டு ஐம்பது. வெள்ளியின் மடியில் வண்டி நீட்டிக்கொண்டிருந்தது. பட்டறைக்காரர் ஓடிவந்து அதைக் குழந்தையைப் போல் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"கிடைச்சிடுச்சு பாப்பா! பத்து நிமிஷம் இருக்கு! மாட்டிடறேன், மாட்டிடறேன்..." ஸ்பானரைத் தேடி ஓடினார். வெள்ளியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மாட்டாதீங்க," என்றாள் அக்கா. "முதல்ல அந்தக் கண்ணாடியைத் தேடுங்க."

"கண்ணாடி என்னத்துக்கு மேடம், நேரம் போகுது!"

"உங்க மனைவி இந்தப் பட்டறையில கண்ணாடி வச்சு என்ன பண்ணுவாங்க?"

அவர் கையில் ஸ்பானரோடு நின்றார். பதில் தெரியும். மெல்லச் சொன்னார்.

"புது வண்டி எதுவானாலும் முதல் நாள் இருபது நிமிஷம் உட்கார வைப்போம். இறங்கினதும் அவ உள்ள கூட்டிட்டுப் போய், கண்ணாடி வச்சுத் தோலைப் பார்ப்பா. எங்கயாவது சிவந்திருந்தா வெளிய வந்து சொல்லுவா. நான் தகட்டை இழைப்பேன். அப்படிப் பார்க்காம ஒரு வண்டிகூட இங்கேருந்து..."

அங்கேயே நிறுத்தினார். தலையைத் திருப்பிக் காலியான ஆணியைப் பார்த்தார். மனைவி போன பிறகு அவர் செய்த முதல் வண்டி அது.

பாப்பா சால்வைக்குள் கைவிட்டாள். வட்டமான ஒரு கைக்கண்ணாடியை எடுத்து மடியில் வைத்தாள்.

"எத்தனை நாளா?" என்றார்.

"பதினெட்டு."

"பதினெட்டு நாளா? அன்னைக்கே கேட்டேனே பாப்பா. ஓகேவான்னு கேட்டேனே!"

"கேட்டே. ஓகேன்னேன்." பாப்பாவின் பற்கள் குளிரில் அடித்துக்கொண்டன. "அம்மா கேட்க மாட்டாப்பா. பார்ப்பா."

அந்த மனிதர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நாலே நிமிஷம்ப்பா," என்று கெஞ்ச ஆரம்பித்தாள் பாப்பா. "மொத்த ரேஸே நாலு நிமிஷம்தான்! முடிச்சுட்டு நேரா ஆஸ்பத்திரி. அம்மா மேல சத்தியம். பதினெட்டு நாள் தாங்கிட்டேன், நாலு நிமிஷம் தாங்க மாட்டேனா? மாட்டுப்பா. ப்ளீஸ்ப்பா!"

பட்டறைக்காரர் வண்டியைத் தூக்கினார். மேஜை ஓரத்து இரும்புப் பிடியில் வைத்து இறுக்கினார். பாப்பாவின் முகம் மலர்ந்தது. எனக்கோ பதறியது, அடப்பாவி மனுஷா, மாட்டவா போகிறாய் என்று. அவர் கை ஸ்பானருக்குப் போகவில்லை. சுவரிலிருந்து இரும்பறுக்கும் ரம்பத்தை எடுத்தது.

"அப்பா! வேண்டாம்ப்பா! அப்பா!"

நாலு மாதம் செய்த வண்டியை அவர் ஒரு நிமிடத்தில் இரண்டாக அறுத்தார். அறுக்கும்போது வாய்விட்டு அழுதார், ரம்பத்தை மட்டும் நிறுத்தவில்லை. முன்மூக்கு தனியாகத் தரையில் விழுந்து உருண்டது. பாப்பா கத்திய கத்தலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். வெள்ளிதான் நாற்காலியை ஓட்டிக்கொண்டு போய் அவளைக் கட்டிப் பிடித்தாள். பாப்பா அவளை முதுகில் மாறி மாறிக் குத்தினாள். அப்படியே குத்திக்கொண்டிருந்த கை, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து நின்றது. வாசலில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

*

மணி நாலு பத்து. ஆஸ்பத்திரி வராந்தா. டாக்டர் வெளியே வந்து பொய் எதுவும் சொல்லவில்லை. விஷம் ரத்தத்தில் கலந்திருக்கிறது, இரண்டு இரவு தாண்ட வேண்டும், தாண்டினாலும் ஆறு மாதம் குப்புறத்தான் படுக்க வேண்டும். இன்று அந்த வண்டியில் மண்டி போட்டிருந்தால் தன்னிடம் கொண்டு வந்திருக்கவே வேண்டாம் என்றார்.

பாதி திறந்த கதவுக்குள்ளிருந்து பாப்பாவின் குரல் கேட்டது. "அடியே திருடி. யாருடி ஜெயிச்சிருப்பா?"

"எப்பவும் மூணாவது வருவாளே, அவளா இருக்கும்," என்றாள் வெள்ளி வராந்தாவிலிருந்தே.

"ஐயோ, அவளா? அவளுக்கு வளைவுல திரும்பவே வராதே!"

உள்ளே சிரிப்பு மாதிரி ஆரம்பித்தது அழுகையாக முடிந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்து, புண்ணுக்கு மருந்து மாற்ற வேண்டும், கூட ஒரு பெண் வந்தால் நல்லது என்றாள். பட்டறைக்காரர் எழுந்தார், நின்றார், வெள்ளியின் முன்னால் வந்து மண்டியிட்டார். சட்டைக்குள்ளிருந்து மனைவியின் கண்ணாடியை எடுத்தார்.

"நீ போய்ப் பாரும்மா. எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம், எல்லாம் பார்த்து உள்ளதை உள்ளபடி என்கிட்ட வந்து சொல்லு."

வெள்ளி கண்ணாடியை வாங்கவில்லை. அவரையே பார்த்தாள்.

"அன்னைக்குப் போன்லயும் உள்ளதைத்தான் சொன்னேன் சார்."

"தெரியும்மா," என்றார். கண்ணாடியை அவள் மடியில் வைத்தார். "இன்னொரு தரம் சொல்லு. இந்தத் தரம் கேட்டுக்கறேன்."